அந்த மஞ்சப்பையை நான் திறக்கவில்லை

2015, ஐப்பசி அடைமழை. மாலை ஓ.பி. பெஞ்சு நிறைந்து வராந்தாவிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஏழரை மணி வாக்கில் அவள் உள்ளே வந்தாள். 23 வயது, தலைச்சன் பிள்ளை, 29 வாரம் முடிந்து நான்கு நாள். முந்தின வாரம்தான் வளைகாப்பு நடந்திருந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். ஒரு கையில் ஸ்கேன் ஃபைல், இன்னொரு கையில் ஒரு மஞ்சப்பை.

"ரெண்டு நாளா சொட்டுச் சொட்டா ஈரம் படுது டாக்டரம்மா. படுத்து எந்திரிச்சா கொஞ்சம் கூடுதலா வருது. மூத்திர வாடை இல்ல" என்றாள். பிறகு மஞ்சப்பையை மேஜை மேல் வைத்தாள். "நேத்து ராத்திரி கட்டியிருந்த பாவாடை. நீங்க பாக்கணும்னு துவைக்காம எடுத்தாந்திருக்கேன்."

"அதெல்லாம் வேண்டாம்மா, கீழ வை" என்றேன்.

நான் மகப்பேறு மருத்துவர். அந்த வருடம் எனக்கு இந்தத் துறையில் 16 வருட அனுபவம். அந்தப் பையை நான் திறக்காமல் போனதையும், அதற்குப் பிறகு செய்த வேறு சில காரியங்களையும், யாரும் கேட்காமலே இங்கே எழுதுகிறேன். என்னை அறிந்தவர்கள் சிலருக்கு இதில் பாதி தெரியும். மீதியை இதுவரை இருவரிடம் மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

அன்று என்ன பரிசோதனை செய்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். மேஜையில் ஏறிப் படுக்கச் சொல்லி, பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் ஸ்பெக்குலம் கருவியை வைத்தேன். கர்ப்பப்பை வாய்க்குப் பின்னால் ஒரு குழிவு இருக்கிறது. பனிக்குடத்தில் ஓட்டை விழுந்து நீர் கசிந்தால் அங்கேதான் தேங்கும். அன்று அங்கே நீர் தேங்கியிருக்கவில்லை. லிட்மஸ் தாளை ஒற்றி எடுத்தேன், நிறம் மாறவில்லை. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "நீர் ஒண்ணும் போகலம்மா. இது வெள்ளைப்படுதல். பிள்ளை தலை மூத்திரப்பையை அழுத்துறதால கொஞ்சம் மூத்திரமும் கசியும்" என்று சொல்லி, உள்ளே வைத்துக்கொள்ள ஆறு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது அல்ல. கசிவு என்று வருகிறவளை முதலில் அரை மணி நேரம் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். அவள் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கசிந்த நீரெல்லாம் அதற்குள் துணியில் இறங்கியிருக்கும். படுக்க வைத்திருந்தால் அந்தக் குழிவில் நீர் சேர அவகாசம் கிடைத்திருக்கும். ஸ்பெக்குலம் உள்ளே இருக்கும்போதே இருமச் சொல்ல வேண்டும், முக்கச் சொல்ல வேண்டும். இருமும்போது வயிற்றின் அழுத்தத்தில் கர்ப்பப்பை வாயிலிருந்து நீர் ஒழுகுவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நீரில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் காயவிட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பெரணி இலை போலக் கிளை கிளையாக உப்புப் படிகம் தெரியும். இதில் எதற்கும் காசு செலவில்லை. நான் அவளைப் படுக்க வைக்கவில்லை, இருமச் சொல்லவில்லை, தகட்டை எடுக்கவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். இதை என் நியாயமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

லிட்மஸ் தாளை நம்பியதும் தவறு. சாதாரணமாகப் பெண்ணின் பிறப்புறுப்பில் இருக்கும் ஈரம் அமிலத்தன்மை உடையது. அதன் பி.எச். 3.8 முதல் 4.5 வரை இருக்கும். பனிநீர் 7-க்குச் சற்று மேலே. நீர் போதுமான அளவு வந்தால் தாள் நீலமாகும். ரத்தம் கலந்தாலும், விந்து இருந்தாலும், சில கிருமித் தொற்றிலும், சோப்பு பட்டிருந்தாலும்கூட அதே நீலம்தான். சொட்டுக் கணக்கில் கசிகிறபோது தாள் மாறாமலே இருந்துவிடும். பனிக்குடத்தின் மேல்பக்கத்தில் ஊசித்துளை போல விழுகிற ஓட்டையை நாங்கள் 'ஹை லீக்' என்போம். அதில் நீர் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் நிற்கும். அவளுக்கு இருந்தது அதுதான்.

ஸ்கேனையும் பார்த்தேன். பனிநீர் அளவு 8.5 செ.மீ. என்று இருந்தது. ஐந்துக்குக் கீழே போனால்தான் குறைவு என்பது கணக்கு. நார்மல் என்று சொல்லி ஃபைலை மூடினேன். அதே ஃபைலில் இரண்டு வாரத்துக்கு முந்தைய ஸ்கேனும் இருந்தது. அதில் 13. பதினைந்து நாளில் 13-லிருந்து 8.5-க்கு ஏன் இறங்கியது என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், கேள்வி தானாக வந்திருக்கும்.

இனி மேஜை இழுப்பறைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

பனிக்குடம் கசிகிறதா என்பதை உயிர்வேதிக் குறியீட்டை வைத்துச் சொல்லும் பரிசோதனைப் பட்டைகள் அப்போது எங்களிடம் இருந்தன. ஐந்து வாங்கியிருந்தோம். கர்ப்பம் தரித்திருக்கிறதா என்று வீட்டில் பார்க்கும் அட்டையைப் போலத்தான் இதுவும் வேலை செய்யும். பஞ்சுக் குச்சியை ஒரு நிமிடம் உள்ளே வைத்து எடுத்து, சிறு குப்பியில் இருக்கும் திரவத்தில் ஒரு நிமிடம் அலசி, அதில் பட்டையை நிற்க வைத்தால் ஐந்து பத்து நிமிடத்தில் கோடு தெரியும். ஒரு கோடு என்றால் கசிவு இல்லை, இரண்டு என்றால் கசிவு உண்டு. ஸ்பெக்குலம்கூடத் தேவையில்லை.

அந்தப் பட்டை தேடுவது பி.ஏ.எம்.ஜி-1 என்ற புரதத்தை. 1975-ல் மாஸ்கோவில் பெத்ரூனின் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் பனிநீரிலிருந்து பிரித்தெடுத்தது. இதன் அருமை அது இருக்கும் அளவில் இருக்கிறது. கர்ப்பிணியின் பிறப்புறுப்புச் சுரப்பில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.05 முதல் 0.2 நானோகிராம்தான் இருக்கும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. பனிநீரிலோ அது 2,000 முதல் 25,000 நானோகிராம் வரை. குறைந்தபட்சம் என்று பார்த்தால்கூட 10,000 மடங்கு வித்தியாசம். தாயின் ரத்தத்திலும் குறைவுதான், 5 முதல் 25 வரை. பட்டை 5 நானோகிராமிலேயே கோடு காட்டும். அதனால் நீர் சொட்டாகக் கசிந்து நிறைய சுரப்போடு கலந்து நீர்த்துப் போனாலும் பட்டைக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்கும் லிட்மஸுக்கும் தெரியாத கசிவை அறியத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். மஞ்சப்பையோடு வந்தவளைப் போன்றவர்களுக்காகவே செய்த பொருள் என்று சொல்லலாம்.

இன்னொரு வகைப் பட்டை ஐ.ஜி.எஃப்.பி.பி-1 என்ற புரதத்தைத் தேடுகிறது. கர்ப்பப்பையின் உள்சவ்வும் சிசுவின் ஈரலும் சுரக்கும் புரதம் இது. பனிநீரில் தாயின் ரத்தத்தில் இருப்பதைப் போல நூறு முதல் ஆயிரம் மடங்கு இருக்கும். விலை குறைந்த வழி ஒன்றையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கர்ப்பத்தின் பின்பாதியில் பனிநீர் என்பது பெரும்பாலும் சிசுவின் சிறுநீர்தான். ஆகவே பிறப்புறுப்பை உப்புநீரால் அலசி எடுத்து அதில் யூரியா, கிரியேட்டினின் அளவைப் பார்ப்பது. சிறுநீரகச் சோதனைக்காக எந்தச் சின்ன லேபிலும் வைத்திருக்கும் மருந்தே இதற்குப் போதும். தாயின் சிறுநீர் துளி கலந்தாலும் கணக்குக் கெட்டுப்போகும், எந்த அளவைக் கோடாக வைப்பது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம் இருக்கிறது. இருந்தாலும் பட்டை வாங்க வசதி இல்லாத இடங்களுக்கு இது கவனிக்க வேண்டிய வழி என்றே நினைக்கிறேன்.

இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும். ஒரு கருத்தரங்கில் கேட்டுத்தான் அந்த ஐந்து பட்டைகளை வாங்கினேன். பிறகு ஏன் எடுக்கவில்லை? ஒரு பட்டையின் விலை அவள் கணவனுக்கு இரண்டு மூன்று நாள் கூலி. அவன் டைல்ஸ் போடும் வேலைக்குப் போகிறவன், மழையில் வேலை நின்றிருந்தது. 'இவர்களிடம் போய் எப்படிச் சொல்வது' என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததோடு சரி, கேட்கவில்லை. தனி அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு என்று மனசுக்குள் ஒதுக்கி வைத்துவிட்டேன். அவர்களிடம் காசு இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க நான் யார்? கேட்டிருந்தால் கடன் வாங்கியாவது கொடுத்திருப்பான். கொடுக்க முடியாவிட்டால் சும்மா செய்திருக்கலாம். மறுவருடம் இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது ஐந்தில் மூன்று பட்டைகள் காலாவதியாகிக் கிடந்தன.

ஆறாம் நாள் விடியற்காலையில் அவளைக் கூட்டி வந்தார்கள். காய்ச்சல் 102. நாடி 124. சிசுவின் இதயத்துடிப்பு 180-க்குக் குறையவே இல்லை. வயிற்றில் கை வைத்தாலே வலியில் துடித்தாள். ஒழுகிய நீரில் அழுகல் வாடை. ஓட்டை வழியாகக் கிருமி மேலேறிக் கர்ப்பப்பைக்குள் சீழ் பிடித்திருந்தது. வலியும் எடுத்துவிட்டது. ஆன்டிபயாட்டிக் ஏற்றினோம். டெக்ஸாமெத்தசோன் ஒரு ஊசி போட்டேன். அது வேலை செய்ய அவகாசம் வேண்டும், மூன்று மணி நேரத்தில் பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை, 1,240 கிராம். ஒரே ஒரு தடவை பூனைக்குட்டி போலக் கத்தியது. எங்களிடம் குறைமாதக் குழந்தையைப் பார்க்கும் வசதி கிடையாது. 108 வண்டியில் அனுப்பினோம். நான்கு நாள் இருந்தது. ரத்தத்தில் கிருமி பரவி இறந்துவிட்டது.

அந்த ஆறு நாளில் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று வரிசையாகத் தெரியும். 37 வாரத்துக்கு முன் வலி எடுக்காமலே பனிக்குடம் உடைவது நூறு கர்ப்பத்தில் சுமார் மூன்றில் நடக்கிறது. குறைமாதப் பிரசவங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு அதுதான் காரணம். ஆகவே என்ன செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. படுக்கையில் சேர்த்திருப்பேன். எரித்ரோமைசின் 250 மில்லிகிராம் நாளைக்கு நான்கு வேளை பத்து நாள் கொடுத்திருப்பேன். 2001-ல் வெளியான ஆரக்கிள் ஆய்வு அதைத்தான் சொன்னது, கோ-அமாக்சிக்ளாவ் கொடுத்தால் குழந்தையின் குடல் அழுகும் ஆபத்துக் கூடுகிறது என்றும் எச்சரித்தது. டெக்ஸாமெத்தசோன் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி, ஒவ்வொன்றும் 6 மில்லிகிராம். சிசுவின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஊசி இது. நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹவியும் 1972-லேயே நிரூபித்துவிட்டார்கள். கிராமத்துத் துணை செவிலியரே போடலாம் என்று மத்திய அரசு 2014-ல் வழிகாட்டி வெளியிட்டது. விலை அற்பம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையை வயிற்றிலேயே வைத்து அவளை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். குறைமாதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றை விட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது.

இத்தனையும் செய்திருந்தால் குழந்தை நிச்சயம் பிழைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். இந்த ஓட்டை விழுந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வாரத்துக்குள் பிரசவமாகிவிடுகிறது. எல்லாம் சரியாகச் செய்தும் தொற்று வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் குழந்தைக்கு இருந்த வாய்ப்பு முழுவதையும் ஒரு நிமிடப் பரிசோதனையில் பறித்துவிட்டேன்.

இதுவரை சொன்னதைக் கவனக்குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்துச் சொல்லப்போவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

குழந்தை இறந்த மறுநாள் அவள் கணவன் வந்தான். வராந்தாவில் நின்றுகொண்டு, ஸ்கேன் ஃபைலை நெஞ்சோடு பிடித்தபடி கேட்டான்: "முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டிருக்க முடியாதா மேடம்?" சண்டைக்கு வந்த குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். நான் சொன்னேன்: "பனிக்குடம் திடீர்னு உடைஞ்சா யாராலயும் முன்கூட்டிச் சொல்ல முடியாதுப்பா. அன்னைக்குப் பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு." அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

அன்று இரவு அவளுடைய பழைய ஓ.பி. சீட்டின் ஆஸ்பத்திரிப் பிரதியை எடுத்தேன். 'இருமச் செய்தும் நீர்க்கசிவு இல்லை' என்று ஒரு வரி சேர்த்தேன். முன்பு எழுதியது நீல மையில் இருந்தது. மேஜை மேல் கறுப்புப் பேனாதான் இருந்தது. இழுப்பறையில் தேடி நீல மைப் பேனாவை எடுத்து எழுதினேன். தேடி எடுத்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பதற்றத்தில் செய்த காரியம் அல்ல. அந்த இழுப்பறையில்தான் அந்தப் பட்டைகளும் இருந்தன.

அதற்குப் பிறகு வழக்கம்போலவே வேலை பார்த்தேன். பிரசவங்கள் நடந்தன, இனிப்பு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். ராத்திரியில் தூக்கம் கலைந்தால் அந்த மஞ்சப்பை நினைவுக்கு வரும். அதைச் சுருட்டிக் காலடியில் வைத்துக்கொண்டு அவள் மேஜையில் ஏறிப் படுத்தது தெரியும். வளையல் சத்தம்கூடக் கேட்கும். அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்து அவளுடைய மாமியார் கர்ப்பப்பை இறக்கத்துக்காக என்னிடம் வந்தார். பரிசோதனை முடிந்து புடவையைச் சரிசெய்துகொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்க மருமவ அன்னைக்கு அடிபைப்புல தண்ணி அடிச்சுக் குடம் தூக்கினா. தூக்காதடின்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன், கேக்கல. பிள்ளைய வாரிக் கொடுத்தா. இன்னும் ஒண்ணும் தங்கல."

அப்போதுதான் என் பொய் எங்கே போய் நின்றிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. 'யாராலும் சொல்ல முடியாது' என்று நான் சொன்னதும் அந்த வீட்டில் காரணம் தேடியிருக்கிறார்கள். காரணம் தேடினால் பெண்ணின் தலையில்தான் வந்து விழும். குடம் தூக்கினாள், கோயிலுக்குப் போனாள், வெயிலில் நின்றாள் என்று ஆயிரம் சொல்வார்கள். ஈரம் படுகிறது என்று அந்த வீட்டில் முதலில் உணர்ந்தவள் அவள்தான். துணியைத் துவைக்காமல் எடுத்துவர வேண்டும் என்கிற அளவுக்கு அறிவோடு நடந்துகொண்டவள் அவள். அவளைத்தான் ஒன்றரை வருடமாகக் குற்றவாளியாக வைத்திருந்தார்கள். அதற்கு இடம் கொடுத்தது நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, முன்னால் ஒரு முருங்கை. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருந்தார்கள். பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரும வைக்காதது, இரண்டு ஸ்கேனையும் ஒப்பிட்டுப் பார்க்காதது, பட்டையை எடுக்காதது, ஏன் எடுக்கவில்லை என்பது, அவன் கேட்டபோது சொன்ன பொய், நீல மையில் சேர்த்த வரி. சீட்டைக் கையோடு கொண்டு போயிருந்தேன். அந்த வரியை அவர்கள் முன்னால் கோடிட்டு அடித்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, ஒரு நகலை அவர்களிடம் கொடுத்தேன். மருத்துவ கவுன்சிலுக்கோ நுகர்வோர் நீதிமன்றத்துக்கோ போகலாம், அங்கேயும் இதையே சொல்வேன் என்றேன்.

அவன் எதுவும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் வெகுநேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அன்னைக்கு ஒரு தடவ பையைத் திறந்து பாத்திருக்கலாம் டாக்டரம்மா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இத எங்க அத்தைகிட்டயும் சொல்லுங்க" என்றாள்.

மாமியார் கடைக்குப் போயிருந்தார். வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் அவரிடமும் சொன்னேன். குடம் தூக்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, உங்கள் மருமகள் சரியான நேரத்தில் வந்தாள், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என்னை வழியனுப்பவும் யாரும் வரவில்லை. அதை எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. அவர்கள் எந்த இடத்திலும் புகார் கொடுக்கவில்லை. நான் மன்னிக்கப்பட்டுவிட்டேன் என்று அதற்குப் பொருள் கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பட்டை இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். நானே கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். அந்த வீட்டுக்குப் போய் வந்த பிறகு ஈரம் என்று யார் சொன்னாலும் முதலில் பட்டையை எடுக்கச் சொல்வேன். காசு கேட்பதில்லை. 2019-ல் 33 வாரக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். மூன்று நாளுக்கு முன்னால் ஒரு தடவை நிறைய நீர் போனது, இப்போது நின்றுவிட்டது என்றாள். பட்டையில் ஒரே கோடு. டூட்டி டாக்டர் வீட்டுக்கு அனுப்பச் சீட்டு எழுதிவிட்டார். நானும் பேனாவை எடுத்துவிட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "போன தடவையெல்லாம் இப்படி வந்ததே இல்ல மேடம்" என்றாள். அந்தச் சொல்லில் கை நின்றது. அரை மணி நேரம் படுக்க வைத்தோம். ஸ்பெக்குலம் வைத்து இருமச் சொன்னேன். முதல் இருமலில் ஒன்றும் இல்லை. மூன்றாவது இருமலில் கர்ப்பப்பை வாயிலிருந்து தெளிந்த நீர் ஒரு கோடாக இறங்கியது.

உடைந்து வெகுநேரம் ஆகிக் கசிவு நின்றிருந்தால் பட்டை தவறாக இல்லை என்று காட்டலாம். ரத்தம் அதிகமாகக் கலந்தாலும் முடிவை நம்ப முடியாது. 2018-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்தப் பட்டைகளை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று மருத்துவர்களுக்கு எச்சரிக்கையே விட்டது. அப்படி முடிவெடுத்ததைத் தொடர்ந்து சிசு மரணங்கள் நேர்ந்ததாகத் தகவல் வந்த பிறகு விட்ட எச்சரிக்கை அது. எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. இல்லாத கசிவை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் தேவையில்லாத மருந்து, தேவையில்லாத பயம், சில நேரம் அவசரப்பட்டு எடுக்கும் குறைமாதப் பிரசவம் வரை போகும். அவள் சொல்வது, ஸ்பெக்குலத்தில் கண் பார்ப்பது, முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடுவது, பட்டை சொல்வது ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். நான்கில் முதலாவதை நான் 2015-ல் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அந்த 33 வாரக்காரிக்கு நான்கு ஊசியும் போட்டு அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்துக் குழந்தை பிறந்தது, நன்றாக இருக்கிறது. அதைச் சொல்லி 2015-ஐ ஈடுகட்ட முடியாது. அந்தக் குழந்தை வேறு, இந்தக் குழந்தை வேறு.

இப்போது எங்கள் ஓ.பி.யில் கசிவு என்று வருகிறவர்கள் வரிசையில் காத்திருப்பதில்லை, நேராக உள் அறையில் படுக்க வைத்துவிடுகிறோம். சுத்தமான பேடு ஒன்று கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து அதை எடுத்துப் பார்க்கிறோம். விரலை உள்ளே விட்டுப் பார்ப்பதில்லை. கிருமியை மேலே ஏற்றுகிற வேலை அது, பிரசவத்தையும் முன்கூட்டி இழுத்து வந்துவிடும். புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்களிடம் அந்தப் பழைய சீட்டை, அடித்த வரியோடு, காட்டுகிறேன். இது யார் கையெழுத்து என்று கேட்பார்கள். என்னுடையதுதான் என்பேன்.

இதை வாசிக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சொல்கிறேன். மாதம் முடிவதற்கு முன்னால் பாவாடை நனைந்தால், கொஞ்சமாக இருந்தாலும், விட்டு விட்டு வந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நனைந்த துணியைத் துவைக்காதீர்கள். எப்போது ஆரம்பித்தது, என்ன நிறம், என்ன வாடை என்று சொல்லுங்கள். "படுக்க வச்சு, ஸ்பெக்குலம் போட்டு, இருமச் சொல்லிப் பாருங்க" என்று கேளுங்கள். பட்டைச் சோதனை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவசரமாகப் பார்த்துவிட்டு வெள்ளைப்படுதல்தான் என்று சொல்லி அனுப்பினால், ஈரம் நிற்காத பட்சத்தில், மறுநாளே திரும்பிப் போங்கள், வேறு இடத்துக்கும் போங்கள். துணியைப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோய் மேஜை மேல் வையுங்கள். கீழே வை என்று சொன்னால் வைக்காதீர்கள்.